மூக்கு வரிசையும் ஒரு தவளையின் அண்ணமும்

என் இடத்துக்கு வந்திருக்கும் கம்பவுண்டர் ரஹீம் பாய் போன வாரம் ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பினார். மிகவும் மரியாதையான சீட்டு. "மருந்தறையில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஒன்று மட்டும் விளங்கவில்லை. மேல் தட்டில், கழுத்தில் செப்புக் கம்பி சுற்றிய நீலப் புட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே இருப்பது பெல்லடோனா. அதன்மேல் தங்கள் கையெழுத்தில் 'தவளையைக் கேட்காமல் எடுக்காதே' என்று எழுதியிருக்கிறது. எந்தத் தவளை? எங்கே இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமைகளிலும் வருமா?"

சீட்டுக்குச் சீட்டாகப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். நாலு வரி எழுதியதும், தவளையை விளக்க வேண்டுமானால் டாக்டரை விளக்க வேண்டும், டாக்டரை விளக்க வேண்டுமானால் மூக்கை விளக்க வேண்டும் என்று தெரிந்தது. அதனால் இது பத்திரிகைக்கு அனுப்புகிற நீளத்துக்கு வந்துவிட்டது. ரஹீம் பாய் பொறுத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை.

முதலில் என்னைப் பற்றி. எனக்கு இன்னும் கிழவனாகும் வயசு ஆகவில்லை. மருந்து அளக்கும் கண்ணாடிக் குவளையில் ஒரு கோடு இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. இரண்டு கோடு தெரிகிற கம்பவுண்டர் இரண்டு பங்கு மருந்து கொடுப்பான் என்று கணக்குப் போட்டு, யாரும் போகச் சொல்வதற்கு முன்னால் நானே போய்விட்டேன். இப்போது ரங்கூனில் பபேடான் பக்கம் ஒரு மாடி அறையில் இருக்கிறேன். கீழே பிரியாணிக் கடை. மூக்குக்கு வேலை குறையவில்லை.

சென்னையில் கம்பவுண்டர் படிப்பு இரண்டு வருஷம் படித்தேன். அதன் சாரம் நான்கு பாடங்கள்: குலுக்கு, ஊற்று, சீட்டு ஒட்டு, வாயை மூடு. முதல் மூன்றிலும் நல்ல தேர்ச்சி. நாலாவதில் இன்றுவரை தேறவில்லை. அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

கப்பலேறி வந்து இறங்கியபோது என் டிரங்குப் பெட்டியில் சட்டைகளைவிடப் புத்தகங்கள் அதிகம். நாலு புத்தகம் படித்தவனுக்கு உலகம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை இருக்கும் அல்லவா, அது எனக்கு ஏராளமாக இருந்தது. பசுண்டான் கால்வாய்க் கரையில் ஒரு அரிசி மில்லில் மருந்தறை. வேலை கிடைத்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கம் அது.

அரிசி மில்லைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நெல் வரும் பருவத்தில் கால்வாய் முழுக்கப் படகு. மில்லுக்குள் முழுக்க உமி. அரைத்த உமியையே கொதிகலனில் போட்டு எரிப்பார்கள். அது கரிச் சாம்பலாகப் புகைபோக்கி வழியே மேலே போய், திரும்ப நம் தலையிலேயே இறங்கும். காலையில் பழுப்பாக உள்ளே போகிற ஆள் மாலையில் சாம்பல் நிறத்தில் வெளியே வருவான். யார் மூக்கைச் சிந்தினாலும் கறுப்பு. நான் வந்த முதல் வாரம் என் கைக்குட்டையைப் பார்த்து, எனக்கு ஏதோ தீராத வியாதி வந்துவிட்டது என்று முடிவு செய்து ஊருக்கு உருக்கமான கடிதம் ஒன்று எழுதினேன். அதற்குப் பிறகு கைக்குட்டையையே கறுப்பாக வாங்கிவிட்டேன்.

இந்த மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. அதற்குப் பெயர் மூக்கு வரிசை. அந்தப் பெரிய இன்புளுவென்ஸா வந்து ஊரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போன பிறகு, மில் மேனேஜர் துரை ஓர் உத்தரவு போட்டார்: மூக்கு ஒழுகுகிறவன், இருமுகிறவன் யாரும் மில்லுக்குள் வரக் கூடாது. திங்கட்கிழமை காலையில் சங்கு ஊதுவதற்கு முன்னால் ஆட்கள் எல்லோரும் வாசலில் வரிசையாக, முகத்தைச் சற்றே தூக்கி நிற்க வேண்டும். இராமலிங்க மேஸ்திரி ஒவ்வொரு மூக்காகப் பார்த்துக்கொண்டே போவார். பக்கத்தில் வெள்ளைக் கோட்டில் நான். ஒழுகுகிற மூக்கு என்றால் பெயர் அடிக்கப்படும். பெயர் போனால் வேலை போகும். வேலை போனால் கூலி லைனில் இருக்கிற அறையும் அன்றைக்கே போகும். உமி பறக்கிற இடத்தில் வேலை செய்கிறவனுக்கு மூக்கு ஒழுகக் கூடாது என்று உத்தரவு போட்டவர், மழையில் நிற்கிறவன் நனையக் கூடாது என்றும் போட்டிருப்பார். அப்போது எனக்கு இப்படித் தோன்றவில்லை. அப்போது நான் வரிசையில் வெள்ளைக் கோட்டோடு நடந்துகொண்டிருந்தேன். வெள்ளைக் கோட்டில் நடக்கும்போது எல்லா உத்தரவும் நியாயமாகத்தான் தெரியும்.

இந்த இடத்தில்தான் பெல்லடோனா உள்ளே வருகிறது. சில சொட்டுத் தண்ணீரில் விட்டுக் குடித்தால் வாய் காயும், மூக்கு காயும். கண்மணி கொஞ்சம் பெரிதாகும். அதை யார் பார்க்கப் போகிறார்கள்? மேஸ்திரி மூக்கைத்தான் பார்ப்பார். இந்த மருந்தை முதன்முதல் என்னிடம் கேட்டு வாங்கியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் இராமலிங்க மேஸ்திரிதான். அவருக்கு மூக்குப்பொடி பழக்கம். மூக்கு வரிசையின் நீதிபதிக்கே மூக்கு ஒழுகினால் எப்படி?

"வெளியில தெரியக் கூடாது, சயா" என்றார்.

சயா என்றால் பர்மியில் ஆசான். வைத்தியரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னை வாழ்க்கையில் முதன்முதலாக ஒருவர் சயா என்கிறார். அந்த ஒரு சொல்லுக்காக அந்தப் புட்டி முழுவதையும் கொடுத்திருப்பேன்.

மேஸ்திரி மூக்கு காய்ந்த செய்தி எப்படியோ லைனுக்குப் போயிற்று. அடுத்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் என் மருந்தறை வாசலில் கூட்டம். "சயா, அந்தச் சொட்டு." "சயா, எனக்குங்க." திங்கட்கிழமை காலை மூக்கு வரிசையில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. துரை எனக்குக் கை கொடுத்தார். மில்லின் ஆரோக்கியம் என் வருகைக்குப் பிறகு உயர்ந்துவிட்டதாகச் சொன்னார். நான் அதை மறுக்கவில்லை. சொல்லப்போனால் நம்பவே ஆரம்பித்துவிட்டேன்.

வாரம் இரண்டு நாள் டாக்டர் ஊ சான் வின் வருவார். நாற்பது வயது இருக்கும். இடுப்பில் பட்டு லோஞ்சி என்கிற பர்மிய லுங்கி, மேலே ஒரு பழைய கறுப்புக் கோட்டு. வாயில் பற்றவைக்காத சுருட்டு. துரையிடம் பேசினால் சீமையில் படித்த ஆங்கிலம், துணியில் மடிப்பு வைத்தது போல இருக்கும். எங்களிடம் தமிழ். அந்தத் தமிழை அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களிடம் கற்றுக்கொண்டார். முதலில் அங்கேதான் வேலை பார்த்தாராம். மூட்டை தூக்குகிற அவசரத்தில் மரியாதைப் பன்மைக்கு நேரம் கிடையாது. ஆகவே டாக்டர் யாரைப் பார்த்தாலும் "டா" தான். டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகம் கொண்டுவந்த என்னையும் "இன்னாடா கம்பவுண்டர், தூங்கினியா?" என்றுதான் விசாரிப்பார். அவர் மனத்தில் அது பரம மரியாதை.

அவர் யாரையும் திட்ட மாட்டார். ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்பார். முதல் தரம் பதில் சொல்லலாம். இரண்டாம் தரம் கொஞ்சம் சேர்த்துச் சொல்வோம். மூன்றாம் தரம் உண்மை தானாக வெளியே வந்துவிடும்.

அவர் நோயாளியைப் பார்க்கும் முறையே தனி. நாடி, நாக்கு எல்லாம் பிறகு. முதலில் வெள்ளை எனாமல் தட்டு. "துப்புடா" என்பார். துப்பினதும் தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இப்படியும் அப்படியும் சாய்ப்பார். கல் வாங்க வந்த வைர வியாபாரி தோற்றுப் போவான். அப்புறம் துடைப்பத்திலிருந்து உருவிய ஒரு புது ஈர்க்குச்சியைச் சளியில் தொட்டு மெல்ல மேலே தூக்குவார். நூல் மாதிரி நீளும். அது அறுகிறவரை பர்மியில் எண்ணுவார். சீக்கிரம் அறுந்தால் ஒரு தலையசைப்பு, நீளமாக வந்தால் வேறொரு தலையசைப்பு. ஒன்றுமே வராவிட்டால் முகம் சுருங்கும். நான் பக்கத்தில் நின்று உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இவ்வளவு படித்த மனிதருக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரே யோசனை.

இனிமேல் காத்தமுத்து.

காத்தமுத்து உமி அறையில் வேலை. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், நல்ல உயரம், நல்ல சிரிப்பு, எல்லாவற்றையும்விட நல்ல ஒழுக்கு. அவன் மூக்கு வருஷம் முழுக்க ஓடுகிற வாய்க்கால். பெண்சாதி அஞ்சலை சாக்குத் தைக்கிறவள்; அப்போது அவளுக்கு ஐந்து மாதம்.

"பேரை அடிச்சிட்டாங்கன்னா ரூமும் போயிரும் சயா. இவளை இந்த நெலமையில நான் எங்கன்னு கூட்டிக்கிட்டுப் போவேன்? எனக்கு ரெண்டு சொட்டுச் சேத்துக் குடுங்க."

சேர்த்துக் கொடுத்தேன். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதவில்லை. நடு வாரத்தில் மேஸ்திரி உமி அறைக்குள் எட்டிப் பார்க்கிற பழக்கம் உண்டே. ஆகவே புதனும் கொடுத்தேன். பிறகு தினமும். இப்படி மூன்று வாரம். அவன் மூக்கு காய்ந்து பொருக்குத் தட்டியது. வேலைக்கு நடுவே தண்ணீர் தண்ணீர் என்று கேட்டான். "மருந்து பிடிக்கிறது" என்று சொல்லி அனுப்பினேன். சயா அல்லவா.

நாலாம் வாரம் காய்ச்சல். நெஞ்சில் வலி. அவனை மருந்தறைக்குப் பின்னால் இருக்கிற கட்டிலில் கிடத்தினார்கள். டாக்டர் வந்தார். தட்டை நீட்டினார்.

"துப்புடா."

காத்தமுத்து முயன்றான். காய்ந்த இருமல், ஓட்டைத் தகரத்தைத் தட்டுகிற மாதிரி. தட்டில் ஒன்றுமே விழவில்லை. டாக்டர் அவன் முதுகில் காதை வைத்துக் கேட்டார். வாயைத் திறக்கச் சொன்னார். நாக்கு அட்டை மாதிரி இருந்தது. கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். அங்கே ரொம்ப நேரம் பார்த்தார்.

"உமி ரூம்ல வேலை செய்றான். மூக்குல தண்ணி இல்ல. தொண்டையில சளி இல்ல. எங்கடா போச்சு, கம்பவுண்டர்?"

"காய்ச்சலில் வற்றியிருக்கும், சயா" என்றேன்.

"எங்கடா போச்சு?"

"வெயிலும் அதிகம்..."

மூன்றாம் தரம் அவர் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சுருட்டை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "போய் ஒரு தவளை புடிச்சிகினு வா. பெர்சா பாரு" என்றார்.

அஞ்சலை கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தாள். "ஆளு இங்க மூச்சுக்கு அல்லாடுது, இவங்க தவளை புடிக்கப் போறாங்களாம்!" என்று என் முதுகுக்குப் பின்னால் சொன்னது நன்றாகக் கேட்டது. வெள்ளைக் கோட்டோடு கால்வாய்ச் சேற்றில் இறங்கி, மில் ஆட்கள் படகிலிருந்து யோசனை சொல்ல, நான் ஒரு தவளை பிடித்தேன். தவளைக்கு என்னைவிடப் புத்தி அதிகம் என்பது அந்த அரை மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது.

டாக்டர் அதைச் சிரமப்படுத்தாமல் முடித்தார். கீழ்த்தாடையை எடுத்துவிட்டு, வாயின் மேற்புறம், அதாவது அண்ணம், மேலே தெரியும்படி ஒரு சூப்புத் தட்டில் வைத்தார். இளஞ்சிவப்பாக, ஈரமாக மினுமினுத்தது. "சாம்பல்" என்றார். ஜன்னல் கட்டையிலேயே விரலால் தொட்டுக் கொடுத்தேன். எங்கள் மில்லில் சாம்பலுக்குப் பஞ்சமா? அதில் ஒரு சிட்டிகையை அண்ணத்தின் முன் ஓரத்தில் வைத்தார்.

"பாரு."

பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சாம்பல் நகர்ந்தது.

சத்தியமாக நகர்ந்தது! தட்டை யாரும் தொடவில்லை, காற்று இல்லை, தவளைக்கு உயிர் இல்லை. அந்தக் கறுப்புப் புள்ளி தானாக, அவசரம் இல்லாமல், தேர் நகர்கிற மாதிரி அண்ணத்தின் மேல் ஊர்ந்து தொண்டையை நோக்கிப் போயிற்று. ஓரத்தை அடைந்ததும் உள்ளே விழுந்து மறைந்தது. நான் இன்னொரு சிட்டிகை வைத்தேன். அதுவும் போயிற்று. மூன்றாவது வைத்தேன். படித்த புத்தகம் அத்தனையிலும் இப்படி ஓர் அதிசயம் வரவில்லை. வந்திருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

"சயா, யார் தள்ளுகிறார்கள்?"

டாக்டர் சொன்னார். அவருடைய தமிழை அப்படியே எழுதினால் பத்திரிகைக்காரர் போட மாட்டார், சாரத்தைச் சொல்கிறேன். நம் மூக்குக்கும் மூச்சுக் குழாய்க்கும் உள்ளேயும் இதே மாதிரிதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மயிர்கள், நாற்று வயல் மாதிரி, எல்லாம் ஒரே பக்கமாக ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றின்மேல் ஒரு சளிப் பாய் விரித்திருக்கிறது. நாம் இழுக்கிற மூச்சில் வரும் உமி, சாம்பல், நோய்க் கிருமி எல்லாம் அந்தப் பாயில் ஒட்டிக்கொள்ளும். மயிர்கள் பாயையே தொண்டைக்கு இழுத்துக்கொண்டு வரும். துப்பினால் வெளியே, விழுங்கினால் வயிற்றுப் புளிப்பில் சாவு. பகலும் ராத்திரியும் இதேதான் வேலை. அது மட்டுமா, சளிக்கே கிருமியைக் கொல்லும் சக்தி கொஞ்சம் இருக்கிறதாம். லண்டனில் ஒரு டாக்டர், தனக்கு ஜலதோஷம் பிடித்தபோது மூக்கிலிருந்து எடுத்ததைக் கிருமி வளர்த்த தட்டில் போட்டாராம். பக்கத்தில் இருந்த கிருமியெல்லாம் கரைந்துபோயிற்றாம். டாக்டர் ஊ சான் வின் இதைச் சொல்லும்போது முகம் பூரித்துவிட்டது. உலகத்தில் தன்னைப் போல இன்னொரு ஆள் இருக்கிறான் என்ற சந்தோஷம்.

"இப்ப பாரு" என்று, நனைத்த பஞ்சால் அண்ணத்தை மெல்லத் துடைத்தார். மை ஒற்றுகிற தாளால் ஒற்றினார். கொஞ்சம் பொறுத்து மறுபடி துடைத்து மறுபடி ஒற்றினார். மத்தியானம் முழுக்க இதையே செய்தார். நடுநடுவே காத்தமுத்துவுக்குக் கரண்டியில் வெந்நீர். கடைசியில் அண்ணத்தின் ஈர மினுமினுப்புப் போயிற்று. சாம்பலை வைத்தார்.

நின்றது. வைத்த இடத்திலேயே நின்றது.

"மயிரு அடிக்குது. செத்துப் போவல. ஆனா பாய் இல்ல. சாம்பல் எது மேல ஏறிப் போவும்?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மூக்கைச் சிந்துடா."

"சயா?"

"சிந்து."

நான் மருந்து கொடுத்தவனே தவிர, மருந்து சாப்பிட்டவன் அல்ல. என் மூக்கில் சரக்கு இருந்தது. டாக்டர் அதில் ஈர்க்குச்சி நுனியளவு எடுத்துத் தவளையின் அண்ணத்தில் வைத்து, அதன்மேல் சாம்பலைத் தூவினார். ஒரு கணம். இரண்டு கணம். நகர்ந்தது! என்னுடைய சளி, ஒரு பர்மியத் தவளையின் வாய்க்குள், பசுண்டான் சாம்பலைச் சுமந்துகொண்டு கம்பீரமாகப் போயிற்று. வாழ்க்கையில் நான் பிறருக்குப் பயன்பட்ட முதல் தருணம் அது என்று துணிந்து சொல்வேன். நான் மேஜையைத் தட்டிக் கூத்தாடினேன். "போகுது! சயா, போகுது!" என்று கத்தினதில் அஞ்சலைகூட எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

பார்த்துவிட்டு அவள் ஒன்று கேட்டாள். "அப்ப எங்க வூட்டுக்காரருக்கு அந்தப் பாயைச் சுருட்டுனது யாரு?"

எனக்குக் கூத்து நின்றுபோயிற்று. டாக்டர் சூப்புத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தக் கண்மணியைப் பார்த்தபோதே தெரியும். நானாகச் சொல்ல வேண்டும் என்றுதான் அத்தனை நேரம் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"நான்தான். பெல்லடோனா. மூன்று வாரமாக, தினமும்" என்றேன். நாலாம் பாடத்தில் தேறாதது அங்கே கைகொடுத்தது. ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், கொடுத்த அளவு, சயா என்று கூப்பிட்டது, துரை கை கொடுத்தது எல்லாம் சொல்லிவிட்டேன். மேஸ்திரி பெயரை மட்டும் விழுங்கினேன்.

அஞ்சலை என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். "நாங்க கேட்டோம், நீங்க குடுத்தீங்க. கேட்ட எங்களுக்குத்தான் தெரியாது. படிச்ச ஒங்களுக்குமா?" என்றாள்.

டாக்டர் திட்டவில்லை. "சரி. நீ காய வெச்சே. நீயே ஊற வை" என்றார்.

ஊற வைத்தேன். மூன்று நாள், சூரியன் இருக்கிற நேரம் முழுக்க நான். மற்ற நேரம் அஞ்சலையும் லைன் ஆட்களும். முறை இது: மண்சட்டியில் கொதிக்கிற தண்ணீர், தலைக்கு மேல் போர்வை, கால் மணி ஆவி. பிறகு கரண்டி கரண்டியாக உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர். பிறகு மூக்கில் உப்புத் தண்ணீர்ச் சொட்டு. பிறகு குப்புறப் படுக்கவைத்து, இடுப்பை மேலே தூக்கித் தலையணை கொடுத்து, உள்ளங்கையைக் குழித்து முதுகில் கீழிருந்து மேலாகத் தட்டுவது. "மூட்டை தட்ற மாதிரி தட்டாத. குழந்தையத் தூங்க வெக்கிற மாதிரி" என்று டாக்டர் காட்டிக்கொடுத்தார். அவர் அந்த மூன்று நாளும் தினமும் வந்தார். தினமும் தட்டை நீட்டினார். தட்டு தினமும் வெள்ளையாகவே திரும்பியது. இரண்டாம் நாள் காய்ச்சல் ஏறி, காத்தமுத்து என்னை யாரோ என்று நினைத்து ஊரில் மாடு கட்டச் சொன்னான். கட்டிவிட்டேன் என்றேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம், நாலு மணிச் சங்கு ஊதிய சமயம். ஆவி பிடித்து முடித்துக் குப்புறப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். அவன் நெஞ்சுக்குள் ஒரு சத்தம். இத்தனை நாள் கேட்ட தகரச் சத்தமில்லை அது. சேற்றில் கால் வைத்து எடுக்கிற சத்தம்.

"சயா!" என்று கத்தினேன்.

டாக்டர் தட்டோடு ஓடி வந்தார். லோஞ்சி அவிழ, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். காத்தமுத்து இருமினான், மறுபடி இருமினான், துப்பினான்.

கறுப்பு! உருண்டையாக, பசையாக, எண்ணெய் போட்ட மாதிரி பளபளத்த அசல் கறுப்பு! டாக்டர் தட்டை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். ஈர்க்குச்சியால் தூக்கினார். நூல் வந்தது. எண்ணத் தொடங்கினார். நானும் எண்ணினேன். எனக்குப் பர்மியில் ஐந்துக்கு மேல் தெரியாது; மிச்சத்தைத் தமிழில் எண்ணினேன். அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தாள். அன்றுவரை உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நான், ஒரு மனிதன் துப்பியதை மூன்று பேர் சுற்றி நின்று பார்ப்பதைவிட அழகான காட்சி கிடையாது என்று உணர்ந்தேன். வாசகர்கள் முகம் சுளிக்கலாம். நானும் சுளித்தவன்தான்.

காய்ச்சல் இறங்கியது. இரண்டு வாரத்தில் அவன் எழுந்து நடந்தான். ஆனால் கதை இங்கே முடியவில்லை. ஆள் பிழைத்தான், பெயர் பிழைக்க வேண்டுமே. அவன் மூக்கு, விட்ட நாளுக்கெல்லாம் வட்டி சேர்த்து ஓடிக்கொண்டிருந்தது. நானோ நீலப் புட்டியை மூடிவிட்டேன். மற்றவர்கள் வரிசைக்கு முன்னால் அழுத்திச் சிந்தித் துடைத்துச் சமாளித்தார்கள்; அவனுடைய வாய்க்காலுக்கு அது போதாது. அந்தத் திங்கட்கிழமை அவன் வரிசையில் நின்றாக வேண்டும்.

நின்றான். நாலாவது ஆள். மேல் உதட்டில் இரண்டு கறுப்புக் கோடு. சற்றுத் தள்ளிச் சாக்குக் கட்டோடு அஞ்சலை. மேஸ்திரி அவன் எதிரில் வந்து நின்றார்.

"காத்தமுத்து, வெளிய வா. பேர் அடிச்சாச்சு."

"மேஸ்திரி" என்றேன். "அவனுக்குக் காய்ச்சல் இல்லை. மூக்கு தன் வேலையைச் செய்கிறது."

"உத்தரவு இருக்கு சயா. ஒழுகற மூக்கு உள்ள போகாது."

"அப்படியானால் நீங்களும் உள்ளே போக முடியாதே" என்றேன்.

அப்போது மேஸ்திரியிடம் மருந்து தீர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. மூக்குப்பொடி போட்ட அந்த நீதிபதியின் மூக்கு நுனியில், காலை வெயிலில், ஒரு சொட்டு மணி போலத் தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நேரம் அதைப் பார்க்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை. இப்போது எல்லோரும் பார்த்தார்கள். யாரோ பின்னாலிருந்து, "மேஸ்திரி, வெளிய வா!" என்றான். சிரிப்பு வெடித்தது.

"இந்த வரிசையில் இத்தனை நாள் காய்ந்த மூக்கெல்லாம் நான் காயவைத்தது. மேஸ்திரி மூக்கு உட்பட" என்று, நிறுத்தத் தெரியாத வாயால், சொல்லி முடித்தேன். பின்னால் திரும்பிப் பார்த்தால் துரை நிற்கிறார். பக்கத்தில் டாக்டர். டாக்டர் கையில் துணி போட்டு மூடிய சூப்புத் தட்டு.

தவளை புதியது. நான் பிடித்ததுதான். டாக்டர் துணியை எடுத்தார், துரையின் தோளில் படிந்திருந்த சாம்பலையே விரலால் தொட்டு அண்ணத்தில் வைத்தார். துரை குனிந்தார். சாம்பல் நகர்ந்தது. துரை இன்னும் குனிந்தார். வாயிலிருந்த புகைக்குழாய் அணைந்துபோனதுகூட அவருக்குத் தெரியவில்லை. வரிசை கலைந்து, எல்லோரும் தட்டைச் சுற்றிக்கொண்டார்கள். மேஸ்திரியும் சொட்டை மறந்துவிட்டுக் கழுத்தை நீட்டினார். "போவுது பாரு!" "ஏ, தள்ளு, எனக்குத் தெரியல!" காத்தமுத்து உயரமானவன்; எல்லோர் தலைக்கும் மேலாகப் பார்த்தான்.

டாக்டர் மடிப்புக் கலையாத ஆங்கிலத்தில் துரையிடம் சொன்னார்: இந்த ஆட்களின் மூக்கு ஒழுகுவது வியாதி இல்லை, உங்கள் சாம்பலை அவர்கள் நெஞ்சுக்குப் போகாமல் தடுக்கிற காவல். காய்ச்சல் உள்ளவனைத் தேடுங்கள், மூக்கைப் பார்க்காதீர்கள்.

துரை நிமிர்ந்தார். "காயவைக்கும் மருந்து கொடுத்தது யார்?"

"நான்தான்" என்றேன்.

துரை என்னைப் பார்த்த பார்வையில் என் டிரங்குப் பெட்டி கப்பல் ஏறிவிட்டது. டாக்டர் குறுக்கிட்டு, இந்த மில்லில் தன் தவறைத் தானே வந்து சொன்ன ஒரே மனிதர் இவர், வைத்துக்கொள்வது நல்லது என்றார். பிறகு என் பக்கம் திரும்பித் துறைமுகத் தமிழில், "நீ பூட்டா எனக்குத் தவளை யார்டா புடிப்பான்?" என்றார்.

அந்த வாரமே மூக்கு வரிசைக்குப் பதில், காய்ச்சல் பார்க்க வாயில் வைக்கிற கண்ணாடிக் குழாய் வந்தது. எனக்குத் தண்டனையும் வந்தது. அந்தப் பருவம் முழுக்க, கால்வாய் ஓரத்து மில் ஒவ்வொன்றிலும் டாக்டர் அதே வித்தையைக் காட்டினார். தவளை பிடித்ததும், தட்டுப் பிடித்ததும், கூப்பிட்டபோது மூக்குச் சிந்தியதும் நான். எங்கே போனாலும் சாம்பல் நகர்கிற அந்த நொடியில் எனக்கு முதல் நாள் போலவே மயிர் சிலிர்த்தது. புட்டியின் கழுத்தில் கம்பி சுற்றி அந்தச் சீட்டை ஒட்டியதும் அப்போதுதான். ரஹீம் பாய், சூப்புத் தட்டில் கிடந்த அந்தத் தவளைதான் நீங்கள் கேட்ட தவளை. அந்த மருந்தை யார் கேட்டாலும், கொடுப்பதற்கு முன் அதை நினைத்து ஒரு நிமிஷம் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

புட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். கண் பார்க்க டாக்டருக்கு எப்போதாவது தேவைப்படும். இன்னொன்று. திங்கட்கிழமை காலை காய்ச்சல் பார்க்கும்போது, வரிசையில் ஒரு நெட்டை ஆள் நிற்பான், மேல் உதட்டில் இரண்டு கறுப்புக் கோட்டோடு. அவன் பக்கத்தில் சாக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் போவாள். அவள் இடுப்பில் இருக்கும் குழந்தைக்கும் மூக்கு ஒழுகும். இரண்டு பேருக்கும் கைக்குட்டை கொடுக்க வேண்டாம். காய்ச்சல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அவன் தும்முவதற்கு முன்னால் தலையைப் பின்னால் சாய்ப்பான். அப்போது ஓர் அடி விலகிக்கொள்ளுங்கள். நான் ஒருபோதும் விலகியதில்லை.